பூசிய பக்கம்

சுவர் வெடித்த சத்தம் மரியாயிக்குக் கேட்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. கோழிக்குத்தான் கேட்டிருக்க வேண்டும். மேசைக்கடியில் கூடைக்குள் அடைந்திருந்த கோழி கூடையோடு புரண்டு, கத்திக்கொண்டு கதவை முட்டியது.

"என்னங்க, பாம்பு கீம்பு வந்திருச்சா பாருங்க."

பிற்பகல்தான். ஆனாலும் வீடு இருட்டிக் கிடந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த ஞானப்பிரகாசம் டோர்ச்சை அடித்தார். பாம்பு இல்லை. வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. கூரையிலிருந்து நிலம் வரை கறுப்பாய் ஒரு கோடு, காலையில் இல்லாத கோடு.

மரியாயி கிட்டப் போய் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இன்னும் போனது.

"அக்கா," என்றது சுவர். "அது உங்க வெரலா?"

மரியாயி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து விஜயகலாவின் குரல்தான். பயத்தையும் மீறி இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பூரான்னு நெனச்சு செருப்பால அடிக்கப் பாத்தேங்க்கா."

"அடிச்சிருந்தா நாளைக்கு நீதான்டி எனக்கு ரப்பர்ப் பால் வெட்டியிருக்கணும்."

அந்த நவம்பர் மழையில் அவர்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கஹவத்தையிலிருந்து தோட்டத்து பஸ்ஸில் ஏறி, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, ரப்பர் மலையினூடே நடந்தால் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கு. அங்கே இரண்டு லயங்கள், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் காம்பராக்கள். மேட்டுக்கு முதுகு காட்டி நிற்கும் மேல் லயத்தின் கோடிக் காம்பரா மரியாயியுடையது. அதற்கு அடுத்தது விஜயகலாவுடையது. நடுவில் மரச்சட்டமும் மண்ணும் வைத்து வெள்ளைக்காரன் காலத்தில் எழுப்பிய, விரல் நீளக் கனம்கூட இல்லாத ஒற்றைச் சுவர். லயத்துக்குப் பின்னால் மேடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற பின்பக்கத்துக் கான் மண்ணால் மூடிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலை ஒட்டிய கொட்டகையான மடுவத்துக்கு ஓடினார்கள். ஞானப்பிரகாசம் மட்டும் ஓடமாட்டார். ஓட முடியாது. சீனி வருத்தம் முற்றி, இரண்டு வருடத்துக்கு முன் ரத்தினபுரி ஆசுபத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மழை கூடினால் மரியாயியும் அவருடனேயே இருந்துகொள்வாள். மகள் சரோனை மட்டும் மடுவத்துக்கு விரட்டுவாள்.

"நீயும் போ. எனக்காக ஏன் ஒக்காந்திருக்க?"

"போறேன். மழை விடட்டும்."

இதுதான் அவர்களுக்குள் நடக்கிற சண்டை.

*

மழை விட்டதும் செய்தி வந்தது. கொண்டு வந்தவர் தோட்டத் தலைவர் கிருஷ்ணராஜ். பிரட்டுக்களத்தில், வேலை பிரிக்கிற நேரத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

"கீழ ரோட்டோரமா கட்டுற வீடு முடியப் போகுது. எல்லாருக்கும் பத்தாது. வர்ற வாரம் ஆப்பீஸ்ல இருந்து வருவாங்க. காம்பரா காம்பராவா பாத்து புள்ளி போடுவாங்க. புள்ளி கூடுனவங்களுக்கு மொதல்ல வீடு."

அவ்வளவுதான் சொன்னார். எதற்குப் புள்ளி என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்கத் தேவையில்லாத மாதிரி எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் காம்பரா காம்பராவாகப் பார்த்துப் புள்ளி போடுவது புதிதா என்ன? ஒவ்வொரு வருடமும் துரையும் நலன்புரி அதிகாரி மாத்தயாவும் வந்து, சாணி மெழுகிய தரையையும் விளக்கிய பாத்திரத்தையும் பார்த்துச் சுத்தமான காம்பராவுக்குப் பரிசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஞானப்பிரகாசம் மூன்று முறை வாங்கியிருக்கிறார். பரிசாகக் கிடைத்த பெரிய எனாமல் பேசின் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

"புள்ளியா?" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார் அவர். கால் போன பிறகு அவ்வளவு வேகமாக அவர் எழுந்து மரியாயி பார்த்ததில்லை. "அப்ப இந்த வெடிப்ப மொதல்ல அடைக்கணும். இத பாத்தா என்னா நெனப்பான்? காம்பராவ வச்சுக்கத் தெரியாதவனுக்குப் புது வீடு எதுக்கும்பான்."

அந்த நியாயத்தில் மரியாயிக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் மேக்கணக்கு முழுக்கச் சாணி மணமும் சுண்ணாம்பு மணமும்தான்.

சுண்ணாம்பு விஜயகலா வீட்டிலிருந்து வந்தது. தீபாவளிக்கு அவளுடைய புருஷன் கஜேந்திரன் கொழும்பிலிருந்து வாங்கி வந்து மிச்சமான அரைப் பை. கையில் வாளியுடன் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, மொதல்ல உங்க பக்கம் பூசிருவோம்."

"ஒன் பக்கம்?"

"மிஞ்சினா பூசிக்கிறேன். எங்க ஊட்டுல எல்லாரும் விடிஞ்சா போயிருவோம். அண்ணந்தானே நாள் முழுக்க இந்தச் செவத்த பாத்துக்கிட்டே படுத்திருக்காரு."

ஞானப்பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பெண்களும் கானோரத்துக் களிமண்ணைக் குழைத்து வெடிப்பில் அப்பினார்கள். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு தடவை அடித்ததில் கோடு மங்கலாகத் தெரிந்தது. "இன்னொரு வாட்டி" என்றார் கட்டிலிலிருந்து ஞானப்பிரகாசம். இன்னொரு முறை அடித்ததும் சுவர், கலியாண வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. வாளியின் அடி தெரிந்தது.

"தீந்துருச்சேடி," என்றாள் மரியாயி.

"பரவால்லக்கா. என் பக்கம் ஒரு சீலைய தொங்க விட்டுர்றேன்."

போகும்போது தன் வீட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். "வர்றவங்க ஒக்கார ஒண்ணுமில்லன்னு நெனக்கக் கூடாதுல்ல."

*

வேன் வரக்கூடாத நேரத்தில் வந்தது.

மத்தியானம் வருவார்கள் என்றுதான் கிருஷ்ணராஜ் சொல்லியிருந்தார். அதை நம்பி மரியாயி விடியுமுன் பால் வெட்டப் போயிருந்தாள். ரப்பரில் வெட்டிவிட்டு நடுவில் இறங்கி வர முடியாது. பால் சொட்டுச் சொட்டாய்ச் சிரட்டைக்கு இறங்கி முடிய வேண்டும். ஒவ்வொரு மரமாய்ப் போய் வாளியில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சிரட்டையிலேயே கட்டியாகிவிடும். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

மரங்களுக்கிடையில் கீழே மண் ரோட்டைப் பார்த்தபோது வெள்ளை வேன் லயத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ கர்த்தரே!"

ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பாதிச் சிரட்டைகளை எடுத்தாள், மீதியைப் பக்கத்து மலையில் வெட்டிக்கொண்டிருந்த லோரன்ஸிடம் எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டு, பால் வாளி தளும்பத் தளும்ப இறங்கினாள். லயத்துக்கு வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. புழுதியும் பெட்ரோல் வாசமும் மட்டும்.

உள்ளே போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஞானப்பிரகாசம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிற கறுப்புக் கால்சட்டை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட், இரண்டு காலிலும் சப்பாத்து. இரண்டு காலிலும்! ரத்தினபுரியில் ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் காலை மாட்டியிருந்தார். அளவு சரியில்லை. அரை மணி போட்டால் சதை உரிந்து விடும். கிறிஸ்மஸுக்கு மட்டும், அதுவும் பூசை முடியும் வரை மட்டும்தான் போடுவார்.

"என்னங்க இது?"

"சும்மா போட்டேன்." அவர் முகம் வியர்த்திருந்தது, ஆனால் சிரித்தது. "வந்தாங்க. ரெண்டு பேரு. ஒருத்தரு நம்ம பாஷ, றம்ஸீன்னு பேரு, மாவனல்லப் பக்கமாம். மத்தவரு சிங்கள மாத்தயா, கட்டடம் பாக்குறவரு. செவத்த தட்டிப் பாத்தாரு. 'ஹரி லஸ்ஸனய்'ன்னாரு. ரொம்ப வடிவா இருக்காம். பிஸ்கட் வச்சேன், சாயத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாங்க."

"கேள்வி எல்லாம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க. எல்லாத்துக்கும் சொன்னேன்."

"கால் வலிக்கலையா?"

"வலி என்னா வலி. கழட்டி விடு."

கழற்றியபோது துணியில் ரத்தம் ஒட்டியிருந்தது. மரியாயி சுடுதண்ணீர் வைத்துக் கழுவிவிட்டாள். ஆள் சந்தோஷமாக இருக்கிறாரே என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவர் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார். தேங்காய்ச் சம்பலுக்கு உறைப்புப் பத்தாது என்று குறையும் சொன்னார். குறை சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது.

*

தெரிவானவர்களின் பெயரைப் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டியபோதுதான் மேக்கணக்குக்கு விஷயம் விளங்கியது.

துப்புரவுக்குப் பேர்போன ஞானப்பிரகாசம் பெயர் இல்லை. பாதிக் கூரைக்குப் பிளாஸ்டிக் சீலை போட்டிருந்த, வேனைக் கண்டு பயந்து கதவைக்கூடத் திறக்காத கன்னையா பெயர் முதலாவதாக இருந்தது. கடைசி வீட்டுக்கு, விஜயகலாவின் பெயர்.

"கஷ்டம் கூடுனாத்தான் புள்ளி கூடுமாம்," என்று கிருஷ்ணராஜ் தலையைச் சொறிந்தார். "செவுரு வெடிச்சிருந்தா, மேடு சரியிற பக்கமா இருந்தா, நடமாட ஏலாத ஆளு இருந்தா, சின்னப் புள்ளைக இருந்தா... அப்பிடிப் பாத்துத்தான் வரிசையாம். இத நான் சொல்லலையா?"

"நீ எங்க சொன்ன? கொட்டாவிதானே விட்ட," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. மரியாயி சிரிக்கவில்லை.

மறுப்பு இருந்தால் வருகிற வியாழக்கிழமை அதிகாரிகள் திரும்பவும் வருவார்கள், எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்றார் தலைவர்.

அன்று சாயங்காலம் தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு மரியாயி நின்றபோது, இருளாயி அருகில் வந்தாள். லயத்தில் எந்தச் சண்டைக்கும் முதல் குச்சியை உரசிப் போடுகிறவள் அவள்தான்.

"ஒங்க ரெண்டு ஊட்டுக்கும் ஒரே செவுருதானே, மரியாயி?"

"ஆமா."

"ஒரே வெடிப்புதானே?"

"ஆமா."

"அப்ப அவ பக்கத்துக்கு மட்டும் எப்பிடிப் புள்ளி?" இருளாயி குரலைத் தாழ்த்தினாள். "கஜேந்திரன் கொழும்புல இருக்கறவன். நாலு வெசயம் தெரிஞ்சவன். போன்ல சொல்லியிருப்பான். தன் பக்கத்த அப்பிடியே விட்டுட்டு ஓடி வந்து ஒன் பக்கத்துக்கு ரெண்டு வாட்டி சுண்ணாம்பு அடிச்சாளே, அது எதுக்குங்குற? பாசமா?"

"அப்பிடிப்பட்டவ இல்ல அவ."

"சரி. அப்பிடியே நெனச்சுக்க." இருளாயி குடத்தை இடுப்பில் தூக்கினாள். "அடுத்த மழைக்கும் நெனச்சுக்க."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை மரியாயி வெகுநேரம் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "எங்களுக்கு ஏலாத ஆளு இருக்குன்னு புள்ளி போட்டிருப்பாங்கள்ல? அப்பிடியிருந்தும் எப்பிடிங்க கீழ போனோம்? செவத்துக்குப் புள்ளி போடாததாலதானே?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கேக்குறேன்ல?"

"தூக்கம் வருது," என்றார். இன்னும் விளக்குக்கூட ஏற்றியிருக்கவில்லை.

அவர் அவமானத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார் என்று நினைத்தாள். அது சரிதான். எந்த அவமானம் என்பதில்தான் தவறிவிட்டாள்.

*

வியாழக்கிழமை பிரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தது. றம்ஸீன் இளைஞர். முன்நெற்றியில் வியர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டடம் பார்க்கிற சிங்கள அதிகாரி. மேக்கணக்கு முழுவதும் நின்றது. தூறல் போட்டது, யாரும் அசையவில்லை.

மரியாயி முன்னால் வந்தாள். பால் வெட்டும்போது மரத்துக்கு மரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு ஏதோ வந்தது.

"சேர், எங்களுக்கு அநியாயம் நடந்திருச்சு. ஒரே செவுரு. ஒரே வெடிப்பு. இந்தா நிக்கிறாளே விஜயகலா, அவளுக்கு மட்டும் புள்ளி. ஏன்னா அவ கெட்டிக்காரி. முன்னாடியே வெசயம் தெரிஞ்சுக்கிட்டு, தன் பக்கத்த தொறந்து வச்சிட்டு, வந்து எங்க பக்கத்த மூடிட்டா. எங்கள சுண்ணாம்பப் பூசி ஏமாத்திட்டா சேர்!"

கூட்டம் "ஓ" என்றது. இருளாயி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயகலா சின்ன மகனைத் தோளில் போட்டிருந்தாள். அவனை இறக்கி விட்டாள். குரல் சத்தமாகவே வந்தது.

"நானாக்கா? நானா தொறந்து வச்சேன்? சுண்ணாம்பு தீந்தப்போ நீங்கதானே வாளிய எட்டிப் பாத்தீங்க? இருந்த ஒரு நல்ல சீல, என் கல்யாணச் சீல, அதத்தான் செவத்துல தொங்க விட்டு மறைச்சேன். இந்த மாத்தயாகிட்ட கேளுங்க. அவருதான் சீலய ஒதுக்கிப் பாத்தாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிறாப்புல இருந்திச்சு. மூதேவி புடிச்ச ஊடுன்னு நெனச்சிட்டாரேன்னு அன்னைக்கு முழுக்கச் சோறு திங்கல. தெரியுமா ஒங்களுக்கு?"

கட்டட அதிகாரி றம்ஸீனிடம் குனிந்து விஷயம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். றம்ஸீன் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். "ஒவ், ஒவ். சாரியக்." ஆமாம், ஒரு சேலைதான்.

மரியாயிக்குக் காது சுட்டது. ஆனால் இறங்கி ஓட முடியாத இடத்துக்கு வந்துவிட்டாள். குரலை உயர்த்தினாள்.

"சரி சேர், செவுர விடுங்க. எங்க ஊட்டுல ஒத்தக் கால் மனுசன் இருக்காரே! அதுக்கு ஏன் புள்ளி போடல?"

றம்ஸீன் நிமிர்ந்தார்.

"ஒத்தக் காலா? யாருக்கு?"

"எங்க ஊட்டுக்காரருக்கு."

"அம்மா, அன்டைக்கு நாங்க உள்ள வந்த நேரம் அவர் எழும்பி நின்டாரு. கைய குடுத்தாரு. வாசல் வரைக்கும் வந்து எங்கள அனுப்பினாரு. ஊட்டுல ஏலாதவங்க யாரும் இருக்காங்களான்டு நானே கேட்டேன். 'இல்லைங்க, கர்த்தர் கிருபையில எல்லாரும் சுகம்'ன்டு சொன்னாரு."

எல்லாத் தலைகளும் மரியாயி பக்கம் திரும்பின.

மரியாயிக்கு அன்றைய நாள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தது. கறுப்புக் கால்சட்டை. இரண்டு சப்பாத்து. துணியில் ஒட்டியிருந்த ரத்தம். அன்றைக்குக் கூடுதலாகச் சாப்பிட்ட இரண்டு ரொட்டி.

"சேர், அந்தாளுக்குக் கால் இல்லாதது நெசந்தான்," என்றார் கிருஷ்ணராஜ். "ஊருக்கே தெரியும்."

"நான் பார்க்காம எழுத ஏலாது தலைவர். அவர் வரணும்."

மரியாயி திரும்பினாள். ஒரு அடி எடுத்து வைத்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கூட்டிக்கிட்டு வர்றேன்," என்றது ஒரு குரல்.

விஜயகலா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கடைசி வீடு யாருக்கு எழுதியிருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேலே ஒருவர் ஏறினால் யார் இறங்குவார்கள் என்பதும் தெரியும். அவளுக்கும் தெரியும். "டேய் லோரன்ஸ், ஒரு கை குடு வா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

*

அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். விஜயகலாவின் நாற்காலி. ஒரு பக்கம் லோரன்ஸ், மறுபக்கம் அவள். இடுப்பில் கைலி போலச் சாரம் கட்டியிருந்தார். மடியில் அந்தப் பிளாஸ்டிக் காலை, குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தார்.

அதிகாரிகளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்பது வருடம் துரைமாருக்கு எழுந்து நின்ற உடம்பு. ஒரு பக்கமாய்ச் சரிந்தவரை லோரன்ஸ் தாங்கிப் பிடித்தான்.

"இருங்க ஐயா, இருங்க," என்று றம்ஸீன் எழுந்துவிட்டார்.

"சேர், நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்." அவர் யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த காலைப் பார்த்தே பேசினார். "பெரிய மனுசங்க ஊட்டுக்கு வர்றப்ப ஒக்காந்துக்கிட்டு இருக்க மனசு வரல. இத மாட்டிக்கிட்டு நின்னேன். நின்னதும் இந்த மாத்தயா என்னையவே, துரைமார சொல்ற மாதிரி 'மாத்தயா'ன்னாரு. கை குடுத்தாரு. கால் போனதுல இருந்து என்னைய யாரும் அப்பிடிக் கூப்புடல சேர். பாவம், பாவம்னுதான் சொல்லுவாங்க. அப்ப போய் ஏலாத ஆளு இருக்கான்னு நீங்க கேட்டீங்க. நாந்தான்னு சொல்ல வாய் வரல."

சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். றம்ஸீன், "வேணாம் ஐயா, காட்ட வேணாம்," என்றார். அவர் கேட்கவில்லை. உயர்த்திக் காட்டினார். எல்லோரும் பார்க்க, ஆறாத புண்ணோடு.

"எளுதிக்கங்க. ஏலாத ஆளு ஒண்ணு."

பிறகுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளய ஏன்டி பேசுன? அது என்னா செஞ்சிச்சு? ஊட்டுலயே ஒன்கிட்ட நடந்தத சொல்லியிருக்கணும். தெனமும் சொல்லணும்னுதான் நெனச்சேன்."

மரியாயி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

அதிகாரிகள் லயத்துக்கு ஏறிப் போனார்கள். கட்டட அதிகாரி ஒரு கம்பியால் மரியாயி பக்கத்துச் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்பும் களிமண்ணும் தரையில் உதிர்ந்தன. வெடிப்பு அப்படியே இருந்தது. பூசிய பிறகு இன்னும் அகன்றிருந்தது. அவர் அதன் வழியாக அந்தப் பக்கத்துக் கல்யாணச் சேலையைப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் நின்று றம்ஸீன் கணக்குப் போட்டார். பேனாவை மூடினார், திறந்தார்.

"ரெண்டு ஊட்டுக்கும் சுவர் ஒன்டு. மேடும் ஒன்டு. ஆனா இங்க ஏலாத ஒருவர் இருக்கிறாரு. அப்போ இவங்க மேல வருவாங்க. கடைசி வீடு..."

பேனா தாளில் விஜயகலாவின் பெயருக்குப் பக்கத்தில் நின்றது.

"என் வீடுதானே சேர்," என்றாள் விஜயகலா. "சொல்லுங்க. பரவால்ல."

"அடுத்த கட்டத்துல நீங்கதான் முதல், தங்கச்சி. நான் எழுதி வைக்கிறேன்."

அடுத்த கட்டம் என்றால் என்னவென்று மேக்கணக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள். மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

*

பொழுது சாய்வதற்குள் மரியாயி இரண்டு நாற்காலிகளையும் கழுவித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். கடைசியில் தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது.

விஜயகலா தரையில் குந்தியிருந்து களிமண் குழைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சேலையை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்திருந்தாள். கோடு முழுதாய்த் தெரிந்தது.

"என்னத்துக்குப் புள்ள இப்ப?"

"இனி இங்கதானே இருக்கணும்." அவள் நிமிரவில்லை. "மழ வந்தா சாரல் அடிக்கும். பய சளி புடிச்சிக் கெடக்கான்."

"விஜயா..."

"என்னக்கா?"

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த இருளாயி..."

அந்தப் பெயரைச் சொன்னதும் இன்னும் அசிங்கமாக இருந்தது. சொன்னது இருளாயி இல்லையே. எல்லோர் முன்னாலும் விரல் நீட்டிச் சொன்னது அவள்தானே. மரியாயி நிறுத்திக்கொண்டாள்.

"வீடு வேணாம்னு சொல்லிட்டு வந்திரவா புள்ள?"

கேட்டுவிட்டாளே தவிர, இவள் "சரி" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்ததை அவளே கேட்டாள். அதைவிட வெட்கம் அன்றைக்கு அவளுக்கு வேறு இல்லை.

விஜயகலா முதன்முறையாக அவளைப் பார்த்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணன வச்சிக்கிட்டு மழையில என்னா செய்வீங்க? போங்கக்கா." மறுபடி மண்ணில் கையை விட்டாள். "நாக்காலிய அங்கிட்டு வச்சிட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மரியாயி நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். வைத்துவிட்டு வந்தாள்.

ஞானப்பிரகாசம் கட்டிலில் சுவருக்கு முகம் கொடுத்துப் படுத்திருந்தார். அந்தப் பக்கத்துச் சன்னலில் இறங்கிக்கொண்டிருந்த வெயில், வெடிப்பு வழியாக நீளமாய் ஒரு மஞ்சள் கோடு போட்டு அவர் போர்வையில் விழுந்திருந்தது. மரியாயி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கோடு கீழிருந்து குறையத் தொடங்கியது.

சதக், சதக் என்று அந்தப் பக்கத்தில் மண் அப்புகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் போனது. வெடிப்பின் இந்த விளிம்பில் ஈரமண் பிதுங்கி நின்றது. முழங்கால் உயரம், இடுப்புயரம், நெஞ்சுயரம், பிறகு மேலேறிக் கூரையடி. கடைசியில் கண் உயரத்தில் ஒரு துளை மட்டும் மிஞ்சியது. அதற்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு விரல் நுனி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஈரமாய், நகம் தெரியாமல் மண் அப்பிய விரல்.

மரியாயி எழுந்து அருகில் போனாள். அது யார் விரல் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தாலும் வரலாம்.

வாய் வரவில்லை.

விரல் உள்ளே போனது. மண் வந்து மூடியது.

"இருட்டிருச்சா?" என்றார் ஞானப்பிரகாசம், திரும்பாமலே.

"இல்லைங்க," என்றாள். "வெளிய இன்னும் வெளிச்சம் இருக்கு."